கையை மோந்து பார்த்த மான்

கோமதிநாயகத்தின் கையில் மான் வந்து தின்னும். அந்த மலையடிவாரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சேதி.

ஸ்டேஷன் மாஸ்டர் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர் அவர். மடத்தை நடத்திவந்த உலகம்மை வயதில் அவரைவிட மிகவும் இளையவள். இருந்தாலும் அவள்தான் குரு, இவர் சீடர். ஊரில் எல்லோரையும்போல அவரும் அவளை அம்மை என்றுதான் கூப்பிடுவார்.

மடத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் காடு தொடங்கும். அங்கே ஒரு கல்தொட்டியில் தவிடும் கல்லுப்பும் கலந்து வைப்பது அவர் வழக்கம். புள்ளிமான் ஒன்றும் அதன் குட்டியும் மந்தையை விட்டுப் பிரிந்து அதைத் தின்ன வந்தன. முதலில் தொட்டிக்கு வந்தன. பிறகு கைக்கே வந்துவிட்டன.

பௌர்ணமிக்கு மடத்துக்கு வருகிறவர்கள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். "சாமிகிட்ட எவ்வளவு சாந்தம் இருந்தா மான் இப்படி வந்து நிக்கும்" என்றார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார் கோமதிநாயகம். ஒண்ணுமில்லை என்று சொல்வதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அம்மை மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

ஒருநாள் காலையில் முப்புடாதி வந்தாள். மடத்துக்குக் கீழே முதல் வீடு அவளுடையது. புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் என்ன விளைகிறதோ அதுதான் அவர்களுக்குச் சோறு, அதுதான் மருந்து. பிய்ந்துபோன அவரைக்கொடியை ஒரு கைப்பிடி கொண்டுவந்து அம்மையின் முன்னால் போட்டாள்.

"உங்க மான் என் தோட்டத்தை அழிச்சிட்டு அம்மை."

"மான் யாருக்கும் சொந்தமில்ல தாயி. அது காட்டு உயிரு" என்றார் கோமதிநாயகம்.

"காட்டு மானா இருந்தா நான் ஓட்டிருவேன் சாமி. பழைய சேலையைச் சுத்திக் கட்டினேன். சலூன்ல முடி வாங்கிட்டு வந்து வேலியோரமாப் போட்டேன். அழுகுன முட்டையைக் கரைச்சுத் தெளிச்சேன். மத்த மானெல்லாம் மனுச வாடை பட்டதும் போயிட்டு. இந்தத் தாயும் குட்டியும் மட்டும் போக மாட்டேங்கு. கையைத் தட்டினா ஓடணும்லா? கிட்ட வருது. வந்து என் கையைப் பாக்கு."

கோமதிநாயகத்துக்கு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அம்மை அதைப் பார்த்தாள்.

"சுருக்கு வைக்கப் போறேன்" என்றாள் முப்புடாதி. "பைக் கிளட்ச் கம்பி ஒண்ணு வீட்டுல கெடக்கு. மடத்து மான்னு ஊரே சொல்லுது. அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"கொஞ்சம் பொறு. நாயகம் வந்து பாப்பாரு" என்றாள் அம்மை.

முப்புடாதி போன பிறகு கோமதிநாயகம் கேட்டார்: "மானைத் தோட்டத்துக்குள்ள விடாம எப்படி அம்மை தடுக்கிறது?"

"கல்லெடுத்து அடிங்க."

"கல்லா?"

"வலிக்கணும். அடிச்சது நீங்கன்னு அதுக்குத் தெரியணும்."

"இதுக்கா அம்மை நான் வீட்டை விட்டு வந்தேன்?"

"அப்ப உங்களுக்கு எது தோணுதோ அதைச் செய்யுங்க" என்று அம்மை எழுந்து போய்விட்டாள்.

அவர் தனக்குத் தோன்றியதைச் செய்தார். உடைமரத்து முள்ளை வெட்டி இழுத்துவந்து தோட்டத்தைச் சுற்றி அடைத்தார். கையெல்லாம் கீறல். அந்தக் கீறல்கள் அவருக்குப் பிடித்திருந்தன. மானும் குட்டியும் வேலியை ஒரு தாவில் தாண்டி வந்தன.

பிறகு விடியும் முன்பே போய்த் தோட்டத்தில் காவல் நின்றார். மான்கள் அவரைக் கண்டதும் அவரையே தேடி வந்தன. மடியில் வைத்திருந்த தவிட்டை உள்ளங்கையில் கொட்டிக் காட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். இரண்டும் அந்தக் கையைத் தொடர்ந்து மடம் வரைக்கும் வந்தன. கல் இல்லை, அடி இல்லை, காரியம் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் அம்மையிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

அம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தோட்டத்துக்குப் போனா தவிடு கிடைக்கும்னு இப்ப அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

நல்லது செய்தாலும் இவளுக்குக் குறைதான் என்று அவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். ஆனால் அம்மை சொன்னதுதான் நடந்தது. மான்கள் இப்போது தவறாமல் தோட்டத்துக்கு வந்தன. அவர் வரத் தாமதமானால், வரும்வரை நின்று அவரைக்கொடியையும் தட்டைப்பயற்றையும் தின்றன.

முப்புடாதி மறுபடி முறையிட வரவில்லை. ஒருநாள் பொழுது விடிகிற நேரத்தில் அவளுடைய கூப்பாடுதான் கேட்டது.

கோமதிநாயகம் ஓடினார். சரிந்த அவரைப் பந்தலுக்கு அடியில் தாய் மான் கிடந்தது. கழுத்தில் கம்பி புதைந்திருந்தது. முப்புடாதி அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். குட்டி சற்றுத் தள்ளி நின்றது.

"சத்தம் கேட்டு வந்தேன் சாமி" என்றாள் முப்புடாதி. "அப்ப உயிரு இருந்துச்சு. மனசு கேக்கல, அவுத்து விட்டிருவோம்னு கிட்டப் போனேன். வேற மானா இருந்தா ஆளைக் கண்டதும் துள்ளும், ஒதைக்கும். இது சும்மா கெடந்துச்சு. என் கையை மோந்து பாத்துச்சு." அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "கம்பி உள்ள போயிட்டு. என்னால எடுக்க முடியல. மோந்துக்கிட்டே செத்துப்போச்சு."

கோமதிநாயகம் அப்படியே உட்கார்ந்து அழுதார். பெண்டாட்டி போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை. அழுகிறவரின் மடியை நோக்கிக் குட்டி நடந்து வந்தது. தவிடு இல்லாத வெறும் கையை நக்கியது.

அம்மை எப்போது வந்தாள் என்று அவர் கவனிக்கவில்லை. அவள் செத்த மானைப் பார்த்தாள். முப்புடாதியை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்துக் குட்டியின் மேல் எறிந்தாள். விலாவில் பட்டது. குட்டி பதறித் துள்ளி, கோமதிநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"என்ன அம்மை இது" என்றார் அவர்.

"நான் அடிச்சா என்னைக் கண்டுதான் ஓடும். நீங்க அடிக்கணும்."

"இது என்னை நம்பி வந்து நிக்கி அம்மை."

"தாயும் நம்பித்தான் கெடந்துச்சு."

அவர் முப்புடாதியின் பக்கம் திரும்பினார். "இனி சுருக்கு வைக்காத தாயி. உன் வீட்டுக்கு வேண்டிய காய்கறியை நான் மடத்துல கேட்டு வாங்கித் தாரேன்."

"நான் வைக்க மாட்டேன் சாமி. இன்னைக்குப் பட்டதே போதும். ஆனா கீழ வரிசையாத் தோட்டம் கெடக்கே. வீடு வீடாப் போய்ச் சொல்லுவீங்களா? தெக்க ஒருத்தர் துப்பாக்கியே வச்சிருக்காரு."

அவர் எழுந்தார். குட்டியைத் தள்ளிவிட்டார். அது விளையாட்டு என்று நினைத்துத் திரும்பி வந்தது. அவர் கல்லை எடுத்து எறிந்தார். குட்டியின் காலுக்கு முன்னால் மண்ணில் விழுந்தது.

"மண்ணை அடிக்காதீங்க நாயகம்" என்றாள் அம்மை.

அடுத்த கல் தொடையில் பட்டது. குட்டி கொஞ்ச தூரம் ஓடி நின்று திரும்பிப் பார்த்தது. வேறு யாரோ எறிந்தார்கள் என்று நினைத்ததோ என்னவோ, மறுபடியும் அவரிடமே வந்தது. மூன்றாவது கல் கண்ணுக்கு மேலே பட்டு ரத்தம் வந்தது. அவர் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் போட்டுக்கொண்டு குட்டி காட்டுக்குள் ஓடியது. முப்புடாதி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வனத்துறைக்குத் தெரிந்தால் அவள் ஜெயிலுக்குப் போவாள். படுத்துக் கிடக்கிறவனைத் திருப்பிப் போடக்கூட ஆள் இருக்காது. அதனால் மூன்று பேருமாகக் குழி தோண்டி மானைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள்.

கோமதிநாயகம் கல்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அன்றிலிருந்து விடிகாலையில் துண்டின் முனையில் கற்களை முடிந்துகொண்டு காட்டோரத்தில் போய் உட்கார்ந்தார். குட்டி வந்தது. அடித்தார். மறுநாளும் வந்தது, நொண்டிக்கொண்டு. அடித்தார். நாளாக ஆக, குறி தப்பாமல் எறியக் கை பழகிக்கொண்டது. அதுதான் அவருக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கையைச் சோற்றில் வைக்கப் பிடிக்காது.

பௌர்ணமிக்கு வந்தவர்கள் கவிழ்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார்கள். சாமி மானைக் கல்லால் அடிக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "தவத்துல ஏதோ கொறை வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஒரு பெண் தன் பிள்ளையை அவர் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நடந்ததை அம்மை நாலு வார்த்தை எடுத்துச் சொல்வாள் என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அம்மை வந்தவர்களுக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் குட்டி கண்ணில் படவே இல்லை. நரியோ செந்நாயோ தின்றிருக்கும் என்று அவர் பயந்தார். தாயில்லாக் குட்டி. அடித்து விரட்டியது தான்தானே என்று தூக்கம் வராமல் கிடந்தார். ஆனாலும் காலையில் போய் உட்கார்வதை விடவில்லை.

சாரல் பிடித்த ஒரு காலையில் சரிவில் ஒரு மான் மந்தை மேய்வதைப் பார்த்தார். நடுவில் அந்தக் குட்டி. கண்ணுக்கு மேலே வடு தெரிந்தது. உயிரோடு இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அவர் தன்னை மறந்து எழுந்து நின்றார்.

மடத்துக்குத் திரும்பியபோது அம்மை அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். ஈர விறகு, ஒரே புகை. அவர் வாசலிலேயே நின்றார்.

"குட்டியைப் பாத்தேன் அம்மை. மந்தையோட சேந்துட்டு."

"நல்லது."

"இன்னைக்கு நான் கல்லை எடுக்கல. கையைக்கூடத் தூக்கல. எந்திரிச்சு நின்னேன், அவ்வளவுதான். என்னைப் பாத்ததும் குட்டிதான் ஒரு சத்தம் போட்டுச்சு. மந்தை முழுக்கத் தலைதெறிக்க ஓடிட்டு. குட்டியும் திரும்பிப் பாக்காம ஓடிட்டு."

அம்மை ஊதுகுழலால் அடுப்பை ஊதினாள்.

"என் கையில தின்ன உயிரு அம்மை. அது பாத்த பார்வையை என்னால தாங்க முடியல. என்கிட்ட அப்படி எதைத்தான் பாத்துச்சு?"

"மனுசனைப் பாத்துச்சு" என்றாள் அம்மை. "நாளைக்கும் போய் நில்லுங்க."