பூவராகன் கொடுத்த உயிர்

ஓட்டைக்குளத்துக்காரர்களிடம் பார்த்துத்தான் பேச வேண்டும். கல்யாண வீட்டில் "அடுப்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனால், சோறு கருகி முடியும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால், கண்ணைக்கூட எடுக்கவில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

அந்த ஊர் நாடக சபைக்குப் பக்கத்து டவுன் வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. விஞ்ஞான நாடகம். ஒருவன் யந்திரம் செய்து காலத்தைத் தாண்டிப் போகிறான். போன இடத்தில் காலன் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறான். காலத்தை வென்றவன் காலனிடம் தப்பிப்பானா என்பது கதை.

காலப்பயணி வேஷம் பூவராகனுக்கு. அவர் சந்தோஷத்தில் இரண்டு நாள் தூங்கவில்லை. காலன் வேஷம் தில்லைக்கண்ணுவுக்கு. இந்தத் தில்லைக்கண்ணு ஒரு காலத்தில் ராஜா வேஷம் கட்டிக்கொண்டு, பூவராகனைக் குதிரைக்குப் பின்னங்காலாக நிறுத்தியவர். பூவராகன் அதை மறக்கவில்லை. செத்தாலும் மறக்கப்போவதில்லை.

ஒத்திகை நடத்த வந்தவர் தமயந்தி மேடம். முதல் நாளே, "வார்த்தையை முழுங்காதீங்க" என்றார். பூவராகன் வார்த்தை எது, எச்சில் எது என்று தெரியாத பயத்தில் சாயங்காலம்வரை எதையுமே முழுங்கவில்லை. வாங்கிக் கொடுத்த டீயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே வசனம் பேசினார்.

சத்தம் கொடுக்கிற பொறுப்பு முனிரத்தினத்துக்கு. "இந்த இடத்துல ஒரு இடி விழணும்" என்றார் மேடம். முனிரத்தினம் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஐப்பசி வரட்டும் மேடம். அப்பவும் ஓட்டுமேல விழும், தென்னமரத்துல விழும். இந்த மேஜைமேலதான் விழும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது பூவராகனிடம் சொன்னார்: "நாளைக்குக் கடைசிக் காட்சி பதிவு. உயிரைக் கொடுத்துப் பேசணும். முடியலேன்னா சொல்லிடுங்க, தில்லைக்கண்ணு ஐயாவையே ரெண்டு வேஷமும் பேசச் சொல்லிடறேன்."

டீக்கடைவரைக்கும் பூவராகன் யோசித்துக்கொண்டே நடந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிடாமல் உயிரைக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் வேஷம் தில்லைக்கண்ணுவுக்குப் போய்விடுமே. இரண்டில் எது பெரிய கஷ்டம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

டீக்கடையில் சபை கூடியது.

"உனக்கு மனசு இல்லேன்னா சொல்லுப்பா, நான் குடுக்கறேன்" என்றார் தில்லைக்கண்ணு.

"நீ குதிரைக்குப் புல்லே குடுக்காத ஆளு" என்றார் பூவராகன்.

அப்போது வைத்தி கையை உயர்த்தினார். இரண்டாம் வகுப்புவரை போனவர். ஊரில் அதற்கு மேல் போனவர் கிடையாது.

"உயிர் மொத்தம் எத்தனை?" என்று கேட்டார்.

ஆளுக்கு ஒண்ணுதானே என்றார்கள் எல்லாரும்.

"பன்னெண்டு. பலகையிலேயே எழுதிப் போட்டிருந்தாங்க. அ, ஆவன்னாவிலேர்ந்து ஔவன்னாவரைக்கும். ஒண்ணைக் குடுத்தாலும் பதினொண்ணு கையில இருக்கும்ல?"

பூவராகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதைக் கொடுப்பது என்று பேச்சு நடந்தது. 'அ'வைக் கொடுத்தால் மனைவி அஞ்சலையைக் கூப்பிட முடியாது. அது லாபம்தானே என்றார் தில்லைக்கண்ணு. அஞ்சலை எதிர்க்கடையில்தான் நின்றிருந்தாள், அதனால் பேச்சு உடனே அடுத்த எழுத்துக்குத் தாவியது. 'இ'யைக் கொடுத்தால் இட்லி போச்சு. 'ஓ'வைக் கொடுத்தால் ஓட்டைக்குளமே போச்சு. கடைசியில் 'ஔ' என்று முடிவானது.

"பொறந்ததிலேர்ந்து நான் அதைத் தொட்டதே இல்ல. புத்தம் புதுசா இருக்கும்" என்றார் பூவராகன்.

மறுநாள் பதிவு. தில்லைக்கண்ணு கர்ஜித்தார்: "மானிடா, கொடு உன் உயிரை!"

முடியாது, நான் காலத்தை வென்றவன் என்பது வசனம். பூவராகன் நெஞ்சை நிமிர்த்தி, "ஔ" என்றார். "வச்சுக்க. ஒரு தடவைகூடப் பேசாதது."

காலன் முகம் சுருங்கியது. "இது யாருக்கு வேணும்? 'அ'வைக் குடு."

"என்னைப் பின்னங்காலா நிறுத்தின மூஞ்சிக்கு 'ஔ'வே ஜாஸ்தி."

"ஐயோ, என் உயிரை வாங்காதீங்க" என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாங்க ஏன் மேடம் வாங்கறோம்?" என்றார் பூவராகன் பணிவாக. "உங்க பன்னெண்டையும் நீங்களே வச்சுக்குங்க. நாங்க குடுக்க வந்தவங்க."

மேடம் பதிவானதை அப்படியே ஒலிபரப்பிவிட்டார். கேட்ட ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். விழுந்தவர்களுக்கு அடிபட்டதா என்று ஓட்டைக்குளத்தில் ஒரு வாரம் கவலைப்பட்டார்கள்.

அடுத்த மாதம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை ஆசை ஆசையாகப் பேர் வைத்தார்: ஔவை.

பூவராகன் ஓடிப்போய் தில்லைக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய பகையெல்லாம் விட்டுவிடுகிறேன், அன்றைக்குக் கொடுத்த எழுத்தைத் திருப்பிக் கொடு என்று கெஞ்சினார்.

"வாங்கினது நானாப்பா? காலன்ல வாங்கினான். அவன் வந்தா கேட்டுக்க."

அன்றிலிருந்து பூவராகன் வாசலில் காலனுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்துக் காத்திருக்கிறார். அவன் வருகிறவரை, மிச்சமிருக்கிற பேரை வைத்துத்தான் பேத்தியைக் கூப்பிடுகிறார்.

"வை" என்பார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அஞ்சலை, அந்த இடத்திலேயே கீழே வைத்துவிடுவாள். பேத்தி இன்னும் தாத்தாவிடம் வந்து சேரவில்லை.