ஓர் அகப்பைச் சோறு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்குளச் சீமையைக் குமாரவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் தான் சொன்னதை மதியம் மறப்பார். மதியம் சொன்னதை வேறு யாராவது மறந்தால் கோபித்துக்கொள்வார்.

அவர் வெட்டச் சொன்ன ஏரியில் முந்நூறு பேர் மண் சுமந்தார்கள். அவர்களுக்கு மதியச் சோறு ஆக்கிப் போடுகிறவள் மாராயி. அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருநாள் ராஜா ஏரிக்கரைக்கு வந்து, ஒவ்வொரு பானையாக ருசி பார்த்து, பிறகு இலை போட்டு ஓர் அகப்பைச் சோறு சாப்பிடுவார். போதும் என்று இலையை மடித்துவிட்டால், அந்த வருஷம் முழுக்க ஆளுக்கு அந்த ஓர் அகப்பைதான்.

இந்த வருஷம் களஞ்சிய அதிகாரி பூவண்ணர் நீட்டிய அகப்பை, குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சபையில் ராஜா மாராயியின் குழம்பைப் புகழ்ந்த நாளிலிருந்து பூவண்ணருக்கு ஒரே வயிற்றெரிச்சல். ராஜாவோ அந்தச் சோற்றைத் தின்று, பெரிய ஏப்பமாக விட்டு, இலையை மடித்துவிட்டார்.

மறுநாள் பந்தியில் ஒருவன் கேட்டான்: "என்னக்கா, சோறு போடுறியா, விபூதி குடுக்கிறியா?"

மாராயிக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, அகப்பை சின்னது. சனங்க பசியில வாடுதுங்க."

பூவண்ணர் எழுந்தார். "மகாராஜாவின் வயிறே நிறைந்தது. மண் சுமக்கிறவன் வயிறு அதைவிடப் பெரிதோ?"

"அதானே!" என்றார் ராஜா. "என் வயிற்றையா குறை சொல்கிறாய்? அதே அகப்பையை வைத்து நிரூபி. இல்லையென்றால் நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடு."

ராஜா அகப்பை அளவு பார்த்த அன்றைக்கு மாராயி கிட்டவே நின்றவள். பன்னிரண்டு பானையிலும் "உப்புப் பார்க்கிறேன்" என்று ராஜா கைநிறைய அள்ளியதைப் பார்த்திருந்தாள். பாயசத்தில் மட்டும் நான்கு தடவை உப்புப் பார்த்தார்! அதை இங்கே சொன்னால் தலை தங்குமா?

"சரிங்க மகாராஜா. நாளைக்கு மறுபடி அளவு பாருங்க. இலை முதல்ல, பானை பிறகு. பூவண்ணரய்யாவும் பக்கத்து இலையில உக்காரட்டும்."

மறுநாள் உச்சிவெயிலில் ஏரிக்கரையில் இரண்டு இலை விழுந்தது. ராஜாவின் சோறு நாலே வாயில் காலி. அவர் இலையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். முந்நூறு பேர் பார்க்கிறார்கள். வாய்விட்டு எப்படிக் கேட்பது?

"மாராயி, சோறு வெந்ததா என்று சந்தேகமாக இருக்கிறதே..."

"பூவா வெந்திருக்குங்க."

"இன்னும் நாலு பருக்கை பார்த்தால்தான் தெரியும் போல..."

"இலையை மடிச்சிடலாங்களா மகாராஜா?"

"இரு, இரு! என்ன அவசரம்?"

ஆனாலும் ராஜா ஆயிற்றே. ரோஷத்தோடு இலையின் நுனியைப் பிடித்தார். மடித்துவிட்டால் மாராயி இந்த ஊரில் இல்லை.

அப்போதுதான் ராஜாவின் கண் பக்கத்து இலைக்குப் போனது. ஏராளமாக இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பூவண்ணர் இரண்டு கவளத்தை மிச்சம் வைத்திருந்தார். ராஜாவின் கை மெல்ல நகர்ந்தது. ஒரே அள்ளு!

"ஐயோ, எனக்கே பத்தலையே!" என்று பூவண்ணர் போட்ட கூச்சல் அக்கரைவரை கேட்டது.

முந்நூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜாவும் புரையேறும்வரை சிரித்தார்.

"பூவண்ணரே, திறந்த வாயை மூடாதீர்! யாரங்கே, தச்சனைக் கூப்பிடு. இந்த வாய் அகலத்துக்கு ஓர் அகப்பை செய்யட்டும். இனி வருஷா வருஷம் அளவு சொல்லப்போவது மாராயிதான். முதலில் என் இலையில் போடம்மா!"

அளவெடுத்து முடியும்வரை பூவண்ணர் அந்த வெயிலில் வாயைப் பிளந்தபடியே நின்றார். தச்சனும் தினம் அந்தப் பந்தியில் சாப்பிடுகிறவன்தான்; அவன் அவசரப்படவேயில்லை.