சேனை வைத்த விரல்

"அம்மா, என் தவத்துல எங்க குறை?" என்று கேட்டார் தாண்டவர்.

சடைச்சியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் குரு. சீடரைவிடப் பத்து வயது சின்னவர். ஊருக்கு அதில் வருத்தம் உண்டு, தாண்டவருக்கு இல்லை.

"என்ன நடந்தது?"

"நான் சேனை வச்ச பிள்ளைக தங்க மாட்டேங்குது. ரெண்டு வருசத்துல பத்துப் பிள்ளைக்கு வச்சேன். அஞ்சு போயிட்டு. எல்லாம் வயித்துப்போக்கு."

அந்தப் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் தாய்ப்பாலுக்கு முன்னால் சேனை வைப்பார்கள். நல்ல மனிதர் ஒருவர் சீனித் தண்ணீரை விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவ வேண்டும். தடவியவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. தாண்டவர் பொய் சொல்லாதவர், மாட்டைக்கூட அதட்டாதவர். அவரை விட்டுவிட்டு ஊர் வேறு யாரைத் தேடும்?

"வைக்கப் போறதுக்கு முன்னால என்ன செய்வீரு?"

"நூத்தியெட்டுத் தடவ நாமம் சொல்லுவேன்."

"அதுக்கும் முன்னால?"

"தொழுவத்துல சாணி அள்ளிக்கிட்டிருப்பேன். ஆள் வந்து கூப்பிடும். நாமத்தச் சொல்லிக்கிட்டே கெளம்பிருவேன்."

"கை?"

"துண்டுல தொடச்சுக்கிடுவேன். சாணிதான அம்மா, சுத்தமானதுதான. நாமத்த வேணும்னா ஆயிரத்தெட்டா ஆக்கட்டுமா?"

அம்மை எழுந்து போய், வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"சேனை வைக்கிற வெரல இதுல கழுவும்."

கழுவினார். நகக்கண்ணிலிருந்து பச்சையாக ஒரு கோடு இறங்கித் தண்ணீரில் கலந்தது.

"குடியும்."

தாண்டவர் பின்னால் நகர்ந்தார். "இதையா?"

"உம்ம வெரல்தான. சுத்தமான சாணிதான."

"வயித்துக்கு ஆகாதே அம்மா."

சொல்லிவிட்டுத் திறந்த வாயை அவரால் மூட முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் கண்ணை மூடிக்கொண்டு இந்த விரலைச் சப்பியிருக்கின்றன. பசியில் ஆசையாகச் சப்பியிருக்கின்றன. அவருக்கு நாமம் நினைவுக்கு வரவில்லை.

வாசலில் ஆள் சத்தம் கேட்டது. கீழத்தெருக் கொத்தனார் உச்சிமாகாளி மூச்சு வாங்க நின்றான்.

"சாமி, பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. விடிஞ்சதுலருந்து அழுதுக்கிட்டே கெடக்கு. நீங்க வந்து சேனை வச்ச பொறவுதான் பால் குடுப்பேன்னு எங்க வீட்டுக்காரி பூரணம் பிடிவாதமா இருக்கா. சட்டுனு வாங்க."

"சேனை வேண்டாம். பால் குடுக்கச் சொல்லு. என் வெரல்ல அழுக்கு இருக்கு."

உச்சிமாகாளி சிரித்தான். "உங்க வெரல்லயா? நல்லாச் சொன்னீங்க சாமி. எங்க மூத்த பயலுக்கும் நீங்கதான வச்சீங்க."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அவன் வயித்தால போயில்லா செத்தான்."

தாண்டவர் குருவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கீரு? கேக்கிற ஆள் வாசல்ல நிக்கி."

தாண்டவர் எழுந்து வாசலுக்குப் போனார். உச்சிமாகாளியின் முகத்தைப் பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பார்த்தார்.

"உச்சிமாகாளி, உன் மூத்த பய போனதுக்கு நான்தான் காரணம். என் கைதான்," என்றார். "நீ ஓடு. மொதல்ல பிள்ளைக்குப் பால் குடுக்கச் சொல்லு. பொறவு வா. நான் எங்கயும் போக மாட்டேன்."