கூழாங்கல் கட்டு

தணிகாசலத்துக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. மலையடிவாரத்து ஆசிரமத்தில் கிணற்றடிக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடந்தார். ஏற்கெனவே எட்டு மடங்களைச் சுற்றிவிட்டு வந்தவர். குரு பூரணியம்மாளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தீட்சை ஒன்றுதான் பாக்கி.

கடைசியில் கேட்டேவிட்டார்.

"அம்மா, எனக்கு எப்போ தீட்சை?"

"என்ன அவசரம்?"

"நேத்து என் மக வேதவல்லி வந்தா. புருஷன் வீட்டுல துரத்திட்டாங்களாம். கையில ஒரு பை, இடுப்புல குழந்தை. என்னைப் பார்த்து அழுதா. எனக்குள்ள ஒண்ணும் அசையலை. விபூதி குடுத்து பஸ் ஏத்தி அனுப்பிட்டேன். கோபம், பாசம் எல்லாம் தேய்ஞ்சுபோச்சும்மா."

பெருமையாகத்தான் சொன்னார்.

அம்மாள் மலையைப் பார்த்தார். உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"மழைத்தண்ணி கத்தரிப் பாத்தியை அரிச்சுட்டுப் போகுது. சாயங்காலத்துக்குள்ள ஓடையில ஒரு கல்லுக்கட்டு போட்டுடுங்க. அப்புறம் பேசலாம்."

இது ஒரு வேலையா என்று நினைத்தார் தணிகாசலம். பக்கத்திலேயே காட்டாறு. அதில் தலை அளவுக்குக் கூழாங்கற்கள். மலையிலிருந்து எத்தனை காலம் உருண்டு வந்தவையோ, ஒரு முனைகூட இல்லை, வழவழவென்று இருந்தன. கொண்டுவந்து அடுக்கினார். அடுக்க அடுக்க வழுக்கின. எரிச்சலோடு இடுப்பளவு ஏற்றிவிட்டு நிமிர்ந்தார்.

மழை இறங்கிய அரை மணி நேரத்தில் கட்டு மொத்தமும் சரிந்தது. பாத்தி மேல் ஒரு சாண் மணல் படிந்துவிட்டது. பாவம், ஒரு நாற்றுகூடத் தப்பவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார்.

"கல்லு சரியில்லைம்மா."

"எந்தக் கல்லு நிக்கும்?"

"மேல, சரிவுல, வெயில்ல வெடிச்சு விழுந்த கல்லு. அதுல முனை இருக்கும். ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும்."

"தெரிஞ்சுமா இதை எடுத்தீங்க?"

"அது கையைக் கிழிக்கும். இது தூக்க சுகமா இருந்துச்சு." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நாளைக்கே அந்தக் கல்லைக் கொண்டுவந்து கட்டிடறேம்மா. தீட்சை மட்டும்..."

அம்மாள் ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நேத்து உங்க மகளும் பிடிச்சுக்கத்தானே வந்தா?"