கொண்டலாத்தி விதைத்த கம்பு

ஒரு காட்டில், மலைச்சரிவு ஒன்றில், யார் விதைத்தது என்று எவருக்கும் தெரியாத பழைய புல்வெளி ஒன்று இருந்தது. குழந்தைகளே, மழைக்காலத்தில் அதைப் பார்த்தால் உங்களுக்கும் படுத்துப் புரள ஆசை வரும். மழை நின்ற பிறகோ அந்தப் புல் முற்றிக் காய்ந்துவிடும். வாயில் வைத்தால் துடைப்பத்தைக் கடித்த மாதிரி இருக்கும்.

அதனால் ஆண்டுதோறும் மழை முடிந்ததும் அங்கிருந்த புள்ளிமான்கள் பச்சை தேடி மலையிடுக்கு வழியாக ஆற்றங்கரைக்கு இறங்கும். இடுக்கில் செந்நாய்கள் காத்திருக்கும். வேகமாக ஓடிய மான்கள் கரை சேரும். மற்றவை சேராது.

இந்த ஆண்டு செவலி என்ற பெண்மானைக் கவலை பிடித்துக்கொண்டது. அவளுடைய குட்டி குறுணி, பிந்திப் பிறந்தவள். கொஞ்சம் ஓடினாலே கால் பின்னி விழுவாள். விழுந்துவிட்டுத் தானே சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்கத் தாய் அந்த இடுக்கை நினைத்துக்கொள்வாள்.

"இவளைக் கூட்டிக்கிட்டு அந்த இடுக்கைத் தாண்ட என்னால முடியாது," என்று செவலி மந்தையின் நடுவில் வந்து நின்று சொன்னாள். "மழை முடிஞ்ச பிறகும் இங்கேயே பச்சை கிடைக்கணும். யாராவது வழி சொல்லுங்க."

மந்தைத் தலைவர் ஏறுகொம்பர் பழக்கத்தை மாற்றாதவர். "எப்பவும் இறங்கிப் போறதுதானே வழக்கம்," என்றார். அவரிடம் இருந்த யோசனை அது ஒன்றுதான்.

அப்போது ஒரு வளையிலிருந்து பொட்டணம் என்ற எலி தலையை நீட்டினான். மகா கஞ்சன். ஆனால் குறுணி நாள் தவறாமல் அவன் வாசலில்தான் வந்து விழுவாள். வளை மூடிக்கொள்ளும், அவன் மறுபடி தோண்டுவான். அவள் மேல் அவனுக்கு எப்படியோ பாசம் வந்துவிட்டது.

"அடிவாரத்துக் கொல்லையில பொறுக்கின கம்பு என்கிட்ட இருக்கு. விதைச்சா தழைதழையா வரும்," என்றான். "விதைக்குத்தான் தருவேன். யாராவது ஒரு மணியை வாயில போட்டீங்க, அப்புறம் நான் மனுசனாவே இருக்க மாட்டேன்."

"நீ எப்போ மனுசனா இருந்தே?" என்று ஓர் அணில் கேட்டது.

எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. விதை இருக்கிறது, இன்னும் மழை பாக்கி இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

"உழவு வேணும்," என்றபடி புதரை விலக்கிக்கொண்டு வந்தார் காட்டுப்பன்றி மொத்தையன். காட்டிலேயே பெரிய தீனிக்காரர். "உழாம விதைச்சா ஊரு சிரிக்கும். தங்கச்சி, கவலையை விடு. இந்த வெளி பூராவையும் அண்ணன் மூக்காலயே புரட்டிப் போட்டுடறேன். கூலி வேண்டாம். உன் குட்டிக்காகச் செய்றேன்."

செவலிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு நல்ல மனசா என்று நினைத்தாள்.

பக்கத்துக் கல்லில் கொண்டலாத்தி உட்கார்ந்திருந்தது. தலையில் விசிறிக் கொண்டை, நீண்டு வளைந்த அலகு. புல்லடியில் துளை போட்டுப் புழு எடுப்பதுதான் அதன் பிழைப்பு. எதையும் நிதானமாகச் செய்கிற பறவை.

"அண்ணே," என்றது அது. "இந்தச் சரிவுல மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கிறது இந்தப் பழைய புல்லோட வேர்தான். நீங்க புரட்டிப் போட்டா அடுத்த மழைக்கு மண்ணு ஓடைக்குப் போயிடும். விதையும் கூடவே போயிடும்."

"அப்போ எங்கே விதைக்கிறது? என் முதுகிலயா?" என்றார் மொத்தையன். மான்கள் சிரித்தன.

"புல்லுக்குள்ளேயே விதைக்கலாம். நான் புழு எடுத்த துளையில போன மழைக்கு ஒரு கம்பு விழுந்துச்சு. அது முளைச்சு நிக்குது, வேணும்னா வந்து பாருங்க. புல்லு மேல விழுந்ததை எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சு. அதனால நான் துளை போடறேன். பொட்டணம் விதை போடட்டும். நீங்க எல்லாரும் மிதிச்சு மூடுங்க."

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் செவலி.

"இல்லக்கா, ஒண்ணு இருக்கு. முதல்ல இந்தப் புல்லை அடியோட ஒட்ட மேயணும். அது ஓங்கி நின்னா நாத்துக்கு வெயில் கிடைக்காது. என் அலகும் மண்ணுக்கு எட்டாது."

மிச்சமிருந்த புல்லைப் பத்திரமாக வைத்துச் சாப்பிட வேண்டும் என்றுதான் எல்லா மானும் நினைத்திருந்தது.

"இருக்கறதையும் தின்னு தீர்த்துட்டு, விதை முளைக்கலைன்னா?" என்றார் ஏறுகொம்பர்.

"அப்படிக் கேளுங்க," என்றார் மொத்தையன். "குருவி பேச்சைக் கேட்டுக் குடும்பத்தைக் கெடுத்துக்காதே தங்கச்சி. நான் இப்பவே ஆரம்பிக்கறேன்."

செவலி அவரையும் பார்த்தாள், கொண்டலாத்தியையும் பார்த்தாள். தவறாக முடிவெடுத்தால் போவது குறுணியின் உயிர்.

கொண்டலாத்தி கொண்டையை விரித்து மடக்கியது. பிறகு மிகப் பணிவாகச் சொன்னது: "அண்ணன் இவ்வளவு ஆசைப்படறாரு, உழட்டும். அதோ, பாறை ஓரமா ஒரு துண்டு வெறும் செம்மண்ணாக் கிடக்கு பாருங்க. சமதளம், மண்ணு ஓடாது. புல்லும் இல்லை. அங்கிருந்து தொடங்கட்டும்."

மொத்தையன் முகம் தொங்கிவிட்டது. "அங்கேயா? அங்கே ஒரு கிழங்குகூடக் கிடையாதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது.

"கிழங்கா?" என்றாள் செவலி. "நாம கம்பு பத்தியில்ல பேசிக்கிட்டிருந்தோம், அண்ணே?"

அணில் கிளையிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தது. புல்லுக்கடியில் கோரைக்கிழங்கு கொத்துக் கொத்தாகக் கிடப்பது மொத்தையனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அவருடைய உழவு ஆசையெல்லாம் அதன்மேல்தான்.

செவலி அதற்குமேல் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. தலையைக் குனிந்து, முற்றிய புல்லை அடியோடு கடித்து மெல்லத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னொரு மான் மேய்ந்தது. பிறகு இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் புல்வெளி மொட்டையடித்த தலை போலாகிவிட்டது.

அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொண்டலாத்தி முன்னால் போய் டொக்கு டொக்கென்று துளை போட்டது. தன் இனத்தார் எல்லோரையும் துணைக்குக் கூட்டி வந்திருந்தது. பொட்டணம் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு மணியையும் பிரிய மனமில்லாமல் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் துளையில் போட்டான். அவனுக்குப் பின்னால் மான்கள் வரிசையாகக் குதித்துக் குதித்து மிதித்தன. அந்த வேலையில் முதலிடம் குறுணிக்குத்தான். அவள் விழுந்தால்கூட ஒரு துளை மூடிக்கொண்டது.

"ஓடத் தெரியாட்டியும் விழத் தெரியுதே," என்று செவலி அவளை நக்கிக் கொடுத்தாள். பல நாளுக்குப் பிறகு அவளும் அன்றுதான் சிரித்தாள்.

மொத்தையன் மட்டும் முறைத்துக்கொண்டு செங்குத்தான ஒரு மூலைக்குப் போனார். "உழவுன்னா என்னன்னு காட்டறேன்," என்று அங்கே தனியாகப் புரட்டித் தள்ளினார். கிழங்கைத் தின்று தின்று, தோண்டிய குழியிலேயே தூங்கியும் போனார்.

மழை வந்தது, நல்ல மழை. புல்வேர் பிடித்திருந்த மண் தண்ணீரை வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தது. மொத்தையன் உழுத மூலை மட்டும் கரைந்து கிளம்பியது. அதன் மேலேயே குறட்டை விட்டபடி அவரும் ஓடை வரைக்கும் போய்ச் சேர்ந்தார். கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு தவளை இருந்தது.

"எங்கே இந்தப் பக்கம்?" என்றது தவளை. அவர் சேற்றை உதறிக்கொண்டு நடையைக் கட்டினார்.

சில நாளில் புல்லின் நடுவே ஊசி ஊசியாகக் கம்பு எட்டிப் பார்த்தது. கடிபட்ட பழைய புல்லும் பக்கத்திலேயே துளிர்த்தது. "முழங்கால் உயரம் வரட்டும், அதுவரைக்கும் யாரும் வாய் வைக்காதீங்க," என்றது கொண்டலாத்தி. மான்கள் புல் துளிரை மட்டும் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தன. பொட்டணம் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தான்.

மழை முடிந்து மலையெல்லாம் பழுத்த நிறமானது. இந்த ஒரு சரிவு மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. ஏறுகொம்பர் வழக்கம் தவறாமல் ஒரு காலையில் முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம், கிளம்புங்க," என்று சொல்லிவிட்டு இடுக்கை நோக்கி நடந்தார்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. மந்தை முழுவதும் கம்புக்குள் நின்று மென்றுகொண்டிருந்தது. செவலியின் மடியில் பால் நிறைந்திருந்தது. குறுணி குடித்த வாயோடு கம்புத்தழை ஒன்றை இழுத்துப் பார்த்து, அது வராமல் போகவே பின்பக்கமாக விழுந்தாள்.

ஏறுகொம்பர் இடுக்கையும் பச்சையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்பது போலத் திரும்பி வந்து, வரிசையில் கடைசியாக நின்று ஒரு வாய் கடித்தார். நன்றாக இருந்தது. இன்னொரு வாயும் கடித்தார்.

நீதி: வேரூன்றி நிற்பதைக் கலைக்காமல் அதன் நடுவிலேயே புதியதை நடு, எல்லாவற்றையும் புரட்டிப் போடச் சொல்கிறவன் எதைத் தேடுகிறான் என்று முதலில் பார்.