பெரிய சகலையின் வருஷ பாஸ்

பெரிய சகலை பொங்கியண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்த நாளில் அவர் வானத்தில் இருந்தார். அங்கிருந்து துண்டை ஆட்டினார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்த நாங்கள் மூன்று பேரும் பதிலுக்குத் துண்டை ஆட்டினோம். பிறகு அவர் மறுபக்கமாக இறங்கி மறைந்தார். சற்று நேரத்தில் திரும்பவும் மேலே வந்து துண்டை ஆட்டினார். மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இப்படியே நடந்தது.

அவர் உட்கார்ந்திருந்தது பைபாஸ் ஓரத்துத் தீம் பார்க்கின் ராட்சத ராட்டினத்தில். ஓர் ஆட்டத்துக்கு மேல் அதில் யாரையும் உட்கார விடமாட்டார்கள். ஆனால் இவர் ஏறிய பெட்டியில், ‘ஊழியர் சொல்லும் வரை இருக்கையை விட்டு எழக்கூடாது’ என்று எழுதியிருந்தது. ராட்டினம் நின்றதும் ஊழியர் “இறங்குங்க, இறங்குங்க” என்றுதான் சொன்னாராம். எழுந்திருக்கச் சொல்லவில்லை. எழாமல் எப்படி இறங்குவது என்று பெரிய சகலை யோசித்தார். யோசனை முடிவதற்குள் அடுத்த ஆட்டம் கிளம்பிவிட்டது. அந்த ஆட்டத்திலும் அதையேதான் யோசித்தார்.

அதே வாரத்தில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அதற்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாங்கள் நான்கு சகலைகள். ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைகள் நால்வரைக் கட்டியவர்கள். மூத்தவர் பொங்கியண்ணன். அடுத்தவர் மாவு மில் வைத்திருக்கும் நாச்சிமுத்து. மூன்றாவது ஆறுக்குட்டி. கடைசி நான். என் மனைவி எல்லோருக்கும் முந்திப் போய்விட்டாள் என்றாலும் சகலை முறை என்னை விட்டுப் போகவில்லை. எந்தக் காரியமானாலும் மாவு மில்லில் உட்கார்ந்து நாலு பேரும் கலந்து பேசித்தான் முடிவெடுப்போம். தனித்தனியாக முடிவெடுத்தால் நாலு தப்பு வரும், சேர்ந்து எடுத்தால் ஒன்றோடு போகும் என்பது பெரிய சகலையின் அபிப்பிராயம்.

தீம் பார்க்கில் வருஷ பாஸ் கொடுக்கிறார்கள் என்ற செய்தியும் அப்படித்தான் மில்லுக்கு வந்தது. பாஸின் விலை ஐந்து டிக்கெட்டின் விலை. அதை வாங்கிக்கொண்டால் வருஷம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். வாங்கலாமா, கூடாதா?

“ஒரு மனுசன் வருஷத்துக்கு எத்தன தடவ தீம் பார்க் போவான்னு மொதல்ல தெரியோணுமுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“அத எப்படிங்க தெரிஞ்சுக்கறது?” என்றார் ஆறுக்குட்டி.

“ஒரு வருஷம் டிக்கெட் எடுத்தே போயிப் பாக்கோணும். அஞ்சு தடவைக்கு மேல போயிருந்தம்னா, பாஸ் வாங்கியிருக்கலாம்னு தெரிஞ்சு போகும்.”

“தெரிஞ்சு என்னங்க பண்றது?”

“அடுத்த வருஷம் போக வேண்டியதில்ல. எல்லாத்தையும்தான் பாத்தாச்சே.”

இது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஆறுக்குட்டிக்குச் சிக்கனம் அதிகம்.

“போயிப் பாத்தாச் செலவு. போகாம இருந்து பாத்தாச் செலவில்லீங்களே. அதுலயும் கணக்குத் தெரியும்.”

“போகாதத எப்படி எண்ணுவீங்க?” என்று பெரிய சகலை கேட்டார்.

“காலைல எந்திரிச்சதும் போகோணும்னு தோணுதான்னு பாக்கறது. தோணி, போகாம இருந்தா ஒரு தடவ.”

ஒரு வாரம் சோதித்துப் பார்த்தோம். அந்த ஒரு வாரத்தில் நாலு பேருமாகச் சேர்ந்து இருபது தடவைக்கு மேல் போகாமல் இருந்தோம். இத்தனை லாபத்தைக் கையை விட்டுப் போகவிடக் கூடாது என்று முடிவாயிற்று. ஆனாலும் எச்சரிக்கையாக, முதலில் ஒரே ஒரு பாஸ் வாங்குவது, அது தேறினால் மற்ற மூன்றையும் வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். மூத்தவர் என்பதால் அந்த ஒன்று பெரிய சகலைக்கு.

அவர் மனைவி செல்லாத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் மனைவிமாருக்கு மூத்த அக்கா அவர். நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். அதற்குக் காரணமும் இருந்தது. பெரிய சகலை ஒரு தடவை மொத்தமாகக் குடை வாங்கி வைத்தார். அந்த வருஷம் மழை பெய்யவில்லை. மழை இல்லையே என்று பம்புசெட்டு வாங்கி விற்கப் பார்த்தார். மறு வாரமே ஊரில் இருக்கிற கிணறெல்லாம் நிரம்பி வழிந்தது. அவர் எதை வாங்குகிறார் என்று பார்த்து வானம் முடிவெடுத்தது என்று ஊரில் பேச்சு.

“சின்னப் புள்ளைங்க போற எடத்துக்கு உங்குளுக்கு எதுக்குங்க பாஸு?”

“அஞ்சு தடவ போனா மொதலு வந்துரும் செல்லாத்தா.”

“நீங்க வாங்கி எதுல மொதலு வந்துச்சு?”

பெரிய சகலை பாஸுக்கான பணத்தை எண்ணி மடியில் முடிந்தார். “இதுல வரும். அதப் பாக்காம நான் போகமாட்டன்,” என்றார்.

பாஸில் அவர் படம் போட்டுக் கொடுத்தார்கள். பார்க் வாசலில் மரத்தால் செய்த கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குக் கீழே நிற்கும் உயரமுள்ளவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, சும்மாவே போகலாம். ஆறுக்குட்டி முதல் நாளே முழங்காலை மடக்கி அதன் கீழே போய் நின்று பார்த்தார். கரடி ஒன்றும் சொல்லவில்லை. காவலாளிதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே பெரிய சகலை மட்டும் உள்ளே போவார். எங்களுக்குப் பாஸ் இல்லாததால் நாங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் காத்திருப்போம்.

முதல் தடவை உள்ளே போனவர், ‘உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு’ என்ற பலகையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி எதிரே வைத்து, சாயங்காலம் வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் தொலையவில்லை.

இரண்டாவது தடவை, ‘வரிசையில் நிற்கவும்’ என்று போட்டிருந்த இடத்தில் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. ஆனால் பலகையில் நிற்கச் சொல்லித்தான் போட்டிருந்தது, ஏறச் சொல்லிப் போடவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெரிய மனுஷரா என்று பலரும் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

மூன்றாவது தடவை அலைக்குளத்துக்குப் போனார். நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அங்கே எழுதியிருந்தது. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றுக்கொள்வதற்காகக் குளத்தங்கரைப் புல்லில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்தார். யாரோ வலிப்பு என்று நினைத்து ஓடிவந்து கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்துவிட்டுப் போனார்கள். சாவிக்கு உரியவரைத் தேடியே அன்றைய பொழுது போயிற்று.

நான்காவது தடவைதான் ராட்டினம். அன்று மதியம் ஊழியர் ஒருவழியாக ‘எந்திரிங்க’ என்று சொன்ன பிறகு வெளியே வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. “அங்கிருந்து பாத்தா நம்மூரு மில்லு தெரியுதுங்க சகலை,” என்றார் நாச்சிமுத்துவிடம். “செல்லாத்தாளக் கூட்டிட்டு வந்து காட்டோணும்.”

“நங்கையாளுக்குப் பாஸ் இல்லீங்களே.”

“மொதல்ல என்னோடது தேறட்டும். இன்னும் ஒரு தடவதான்.”

அந்த ஒரு தடவைக்குள்தான் அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சாம்பலை அள்ளி மண் கலயத்தில் போட்டு, வாயை மஞ்சள் துணியால் கட்டினோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோய்க் கரைக்க வேண்டியது சகலைகள் பாடு. காரும் வந்து நின்றது. செல்லாத்தா கலயத்தை எங்களிடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அவரும் ஏறி உட்கார்ந்தார்.

“நாலு தடவதான் ஆயிருக்குது,” என்றார்.

“என்னங்க நங்கையா?”

“அஞ்சு தடவ போனாத்தான மொதலு வரும்? கல்யாணமான நாள்ல இருந்து நஷ்டம் நஷ்டம்னு நான்தான் அவரச் சொல்லிக் காட்டிட்டே இருந்தேன். இது ஒண்ணுலயாவது மொதலப் பாத்துட்டுத்தான் போவன்னாரு. பாக்காமயே போயிட்டாரு. கொறையோட ஆத்துல உடறதுக்கு நான் ஒத்துக்கமாட்டன்.”

முந்தானையில் முடிந்திருந்த பாஸை எடுத்து நீட்டினார். நாச்சிமுத்து பாஸை வாங்கித் திருப்பிப் படித்தார்.

“உரியவர் நேரில் வர வேண்டும்னு போட்டிருக்குதுங்க.”

“நேர்லதானுங்க கூட்டிட்டுப் போறோம்,” என்றார் ஆறுக்குட்டி.

“கூட்டிட்டா, தூக்கிட்டா?”

“கைக்கொழந்தையத் தூக்கிட்டுத்தானுங்க போறாங்க. அது நேர்ல வரலைன்னு சொல்ல முடியுமா?”

பவானிக்குப் போகிற வழியில்தான் பார்க்கும் இருந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னோம்.

வாசலில் காவலாளி கலயத்தைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். “வெளிச் சாப்பாடு உள்ள உடறதில்லீங்க. அதுல என்ன, தயிர்ச்சோறா?”

“இல்லீங்க, எங்க பெரிய சகலை,” என்றார் ஆறுக்குட்டி.

காவலாளி மஞ்சள் துணியைத் தொடப் போன கையை எடுத்துக்கொண்டார். டிக்கெட் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பாஸில் இருந்த படத்தைப் பார்த்தது, கலயத்தைப் பார்த்தது, மறுபடியும் படத்தைப் பார்த்தது.

“ஐயா, படத்துல இருக்கறவரும் வர்றவரும் ஒரே மாதிரி இருக்கோணுமுங்க.”

“கொஞ்சம் எளச்சுட்டாருங்க,” என்றார் ஆறுக்குட்டி.

பின்னால் வரிசை நீண்டது. டை கட்டிய மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். செல்லாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “இந்தப் பாஸ்ல உட முடியாதுங்கம்மா. மிஷின் முன்னாடி முகத்தக் காட்டுனாத்தான் கதவு தொறக்கும்.”

செல்லாத்தா அசையவில்லை. “அவரு ஒரு தடவதான் கேக்கறாரு,” என்றார்.

அப்போது நாச்சிமுத்துவின் பார்வை கரடியின் மேல் விழுந்தது.

“பாஸ் வேண்டாமுங்க,” என்றார். “அளந்து பாருங்க.”

கலயத்தைக் கரடியின் காலடியில் வைத்தோம். அதன் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. மேற்பார்வையாளர் கரடியையும் கலயத்தையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

“சரி, டிக்கெட் வேண்டாம்,” என்றார் கடைசியில். “ஆனா இந்த ஒசரத்துல இருக்கறவங்களத் தனியா உடமாட்டோமுங்க. டிக்கெட் எடுத்த பெரியவங்க ஒருத்தரு கூடவே இருக்கோணும்.”

செல்லாத்தா தனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு, கலயத்தை இடுப்பில் வைத்து உள்ளே போனார். எங்களுக்கு இன்னும் பாஸ் இல்லை என்பதால் நாங்கள் வழக்கம்போல் கார் நிறுத்தும் இடத்தில் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் செல்லாத்தா வானத்தில் தெரிந்தார். ஒரு கையால் கலயத்தை அணைத்திருந்தார். மில் இருக்கும் திக்கில் கலயத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைப் பார்த்து முந்தானையை ஆட்டினார். நாங்கள் துண்டை ஆட்டினோம். மறுபக்கமாக இறங்கிப் போய்த் திரும்பவும் மேலே வந்தார். அப்புறமும் வந்தார். ராட்டினம் நின்றதும் ஊழியர் இறங்கச் சொன்னாராம். “இவரு எந்திரிக்கமாட்டாருங்க,” என்று செல்லாத்தா சொன்னாராம். ஊழியர் கலயத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியின் கதவை மறுபடியும் சாத்திவிட்டார்.

மதியம் வெளியே வந்தபோது செல்லாத்தாவின் தலைமுடியெல்லாம் காற்றில் பறந்து கலைந்திருந்தது. “அஞ்சு ஆயிருச்சு,” என்றார்.

நாச்சிமுத்துவுக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கணக்கு என்றால் கணக்கு. “இல்லீங்க நங்கையா. இந்தத் தடவ அவரு பாஸ்ல போகலீங்களே. சும்மாவேதான் போனாரு. பாஸ் நாலுலதானுங்க நிக்குது.”

செல்லாத்தா கலயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

“சும்மாவே உடுவாங்கன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா பாஸே வாங்கியிருக்க வேண்டாமுங்க,” என்றார் ஆறுக்குட்டி.

யோசித்துப் பார்த்தால் அது உண்மை. பெரிய சகலை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்பதை வருத்தத்தோடு ஒத்துக்கொண்டோம்.

“இனிமே எத்தன தடவ வந்தாலும் இவருக்குச் சும்மாதானுங்களா?” என்று செல்லாத்தா கேட்டார்.

“வளராத வரைக்கும் சும்மாதானுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“அப்ப ரெண்டு பேரு போறதுக்கு ஒரு பாஸ் போதும்.”

கலயத்தை என் கையில் கொடுத்துவிட்டு, செல்லாத்தா கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்றார். முறை வந்ததும் தன் பேரில் ஒரு வருஷ பாஸ் வாங்கினார். நாங்கள் மூவரும் எப்படியெல்லாமோ யோசித்துப் பார்த்தோம். ஒரு பாஸ், இரண்டு பேர். இதில் எந்தப் பக்கம் நஷ்டம் வரும் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய சகலை சம்பந்தப்பட்டதில் இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

கார் பவானிக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பியது. சாம்பலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் கலயம் செல்லாத்தா வீட்டு வாசல் வேப்பமரத்துக் கிளையில் தொங்குகிறது. செல்லாத்தாவின் பாஸ் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.