குடைச்சல் என்ற சொல்லுக்கு வந்த வழக்கு

சண்டைக்குப் போகவும் ஆளில்லை, சண்டைக்கு வரவும் ஆளில்லை என்று ராஜாக்கள் நிம்மதியாக மதியத் தூக்கம் போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் மகுடவர்மன் என்றொரு அரசன். விசிறி ஒரு நொடி நின்றாலும் அவனுக்குத் தூக்கம் கலைந்துவிடும். ஒரு சித்திரை மதியம் விசிறிக்கொண்டிருந்த பணிப்பெண் செங்கமலம், "அப்பப்பா, என்ன குடைச்சல்!" என்று முணுமுணுத்துவிட்டாள்.

அது அவைப்புலவர் வித்தியாபதியின் காதில் விழுந்தது. சபை கூடியதும், "அரசே, தாங்கள் தொல்லை பிடித்தவர் என்று இவள் பழித்தாள்" என்று கோள் சொன்னார்.

அரசனின் கண் சிவந்தது. "இவளை நாட்டை விட்டுத் துரத்துங்கள்!"

சிம்மாசனத்தின் பின்னால் விசிறியோடு நின்ற செங்கமலத்தைக் காவலர்கள் நெருங்கினார்கள். விகடகவி குழைக்காதன் எழுந்தான்.

"மன்னிக்க வேண்டும் அரசே. குடையிலிருந்து பிறந்ததுதான் குடைச்சல். தங்கள் வெண்கொற்றக் குடையின் நிழலை அல்லவா அவள் புகழ்ந்திருக்கிறாள்!"

புலவர் துள்ளினார். "பிதற்றல்! குடைதல் என்றால் துளைத்தல். வண்டு மரத்தைக் குடையும். தொல்லை மனத்தைக் குடையும். அதனால் குடைச்சல். எரிவதால் எரிச்சல். நச்சரிப்பு எப்படி வந்ததென்றால்..."

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தொணதொணப்பு, பிடுங்கல், உபத்திரவம் என்று ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தார். அரசன் நெளிந்தான், கொட்டாவி விட்டான், கடைசியில் கத்தியேவிட்டான்.

"போதும் புலவரே! உம்மோடு பெரிய குடைச்சலாக இருக்கிறதே!"

குழைக்காதன் சட்டென்று திரும்பினான். "புலவரே, இப்போது சொல்லும். அரசர் உம்மைப் பழித்தாரா, உமக்குக் குடை பிடித்தாரா? பழித்தார் என்றால் நாடு கடத்த வேண்டும் என்று சற்றுமுன்தான் தீர்ப்பாயிற்று. அரசரை எந்த எல்லையில் கொண்டுபோய் விடலாம்?"

புலவரின் முகம் வெளிறியது. "குடை... குடைதான். நிழல் என்றே பொருள்" என்றார், மென்று விழுங்கி.

சபையே சிரித்தது. அரசன் கையமர்த்தினான். "குழைக்காதா, விளையாட்டு போதும். எது உண்மை?"

"புலவர் முதலில் சொன்னதுதான் அரசே. துளைப்பதுதான் குடைச்சல். ஆனால் எது எதைத் துளைத்தது என்று, சொன்னவளை யாரும் கேட்கவில்லை."

அரசன் அவளைப் பார்த்தான். "பயப்படாமல் சொல்."

"என் தோள்பட்டையைத்தான் சொன்னேன் மகாராஜா. விசிறி விசிறி உள்ளுக்குள்ள ஒரே குடைச்சல்." சற்றுத் தயங்கினாள். "கடைசியில கொஞ்சம் உங்களையும் நெனச்சுக்கிட்டேனுங்க."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் பட்டுச் சால்வையைக் குழைக்காதனுக்குப் போர்த்தினான். செங்கமலத்தின் தோள் குணமாகும் வரை சம்பளத்தோடு ஓய்வு என்றும், அரண்மனை வைத்தியரே தைலம் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டான்.

அவள் குழைக்காதனைக் கும்பிடப் போனாள். வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. "எழும்ப மாட்டேங்குதுங்க ஐயா" என்றாள், கண் கலங்க.

அரசனின் சிரிப்பு அடங்கியது. "இந்தக் கோடை முழுக்க இந்தக் கையால்தானே நான் தூங்கினேன்" என்று சொல்லி, சிம்மாசனத்தை விட்டு எழுந்து, அவளைப் பார்த்துத் தன் இரண்டு கைகளையும் குவித்தான்.